என்ஜின் இரைகிறது, படகு நகரவில்லை: சுற்று எங்கே அறுந்தது என்று தேடும் விதம்

கேள்வி சுருக்கமாக இதுதான். மலைநாட்டின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடும் ஒரு பழைய நீர்ச்சறுக்குப் படகு. நடுவில் 5.7 லீட்டர் வி-எட்டு பெட்ரோல் என்ஜின், அதன் பின்னால் வெல்வெட் ட்ரைவ் கியர்பாக்ஸ், அங்கிருந்து நேரே பின்னுக்குப் போகும் ஒரு அங்குல ஷாஃப்ட். இரண்டு வாரமாக ஐட்லிங்கில் கடகடவென்று சத்தம். இப்போது லீவரை முன்னுக்குத் தள்ளினாலும் பின்னுக்கு இழுத்தாலும் என்ஜின் மட்டும் இரைகிறது, படகு இடத்தை விட்டு அசையவில்லை. பார்க்க வந்த பாஸ் (மெக்கானிக்) என்ஜினை நிறுத்தி, கியரைப் போட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்திருக்கிறார். அது லேசாகச் சுற்றியதால் "கிளட்ச் பிளேட் எல்லாம் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹோல் பண்ண வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா?

தம்பி, இப்போதைக்குச் செய்யாதீர்கள். அந்தச் சோதனை இந்த கியர்பாக்ஸுக்குப் பொருந்தாது. நம் குளங்களில் ஓடுகிற படகுகளில் பெரும்பாலானவை அவுட்போர்ட் மோட்டர் பூட்டியவை. அவுட்போர்டில் கியர் விழுந்தால் பல்லோடு பல் கொளுவிக்கொள்ளும். என்ஜின் நின்றிருந்தாலும் ப்ரொப்பெலரைக் கையால் சுற்றினால் பிடிப்பு தெரியும். வெல்வெட் ட்ரைவில் அப்படி இல்லை. அதில் கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று நெருக்குவது ஒயில் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தருவது கியர்பாக்ஸின் முன்வாயில் இருக்கும் பம்ப். பம்பைச் சுற்றுவது என்ஜின். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும், அழுத்தமும் இறங்கிவிடும், பிளேட்டுகள் விட்டுவிடும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புது கியர்பாக்ஸை வைத்தாலும் ஷாஃப்ட் கையால் லேசாகத்தான் சுற்றும். ஆகவே அந்தச் சோதனையிலிருந்து கிளட்ச் நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது வேறு. சுற்று ஃப்ளைவீலில் (என்ஜினின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரம்) பிறந்து, டேம்பர் பிளேட் (குலுக்கலை வாங்கும் ஸ்பிரிங் தகடு), கியர்பாக்ஸ், கப்ளிங் (கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் இணைக்கும் துண்டு), ஷாஃப்ட், ப்ரொப்பெலர் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் போகிறது. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும். முதல் சோதனைக்கு ஒரு சோக்கட்டியும் ஒரு டோர்ச்சும் போதும்.

அதற்கு முன் மூன்று பாதுகாப்பு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து, புளோவரை 4 நிமிடமாவது ஓடவிட்டு, மூக்கை உள்ளே வைத்து மணந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். கை வைக்கும் வேலை எதுவானாலும் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். கழுத்துத் துண்டு, தளர்ந்த கைச்சட்டை எதுவும் ஷாஃப்ட் பக்கம் வரக்கூடாது.

படகைத் தண்ணீரிலேயே வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். ட்ரெய்லரில் வைத்து இதைச் செய்யாதீர்கள். என்ஜினுக்குத் தண்ணீர் இழுக்கும் பம்பின் றப்பர் இம்பெல்லர் காய்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். வெளியே ஷாஃப்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டில் இருக்கும் றப்பர் பெயரிங்கும் தண்ணீரால் மட்டுமே வழுக்குவது. என்ஜினை நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸின் பின் ஃபிளேஞ்சில் (வட்ட விளிம்புத் தகடு) ஒரு கோடு, அதோடு சேரும் கப்ளிங்கில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு என மூன்றும் ஒரே நேராக வருமாறு சோக்கட்டியால் கீறுங்கள். பிறகு ஒருவர் என்ஜினை ஐட்லிங்கில் வைத்து முன் கியரைப் போடட்டும், மற்றவர் எட்டி நின்று டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். பத்து வினாடி போதும். என்ஜினை நிறுத்தி மறுபடி கோடுகளைப் பாருங்கள்.

மூன்று கோடும் சேர்ந்து சுற்றியது, ஆனால் படகு அசையவில்லை என்றால் என்ஜினும் கியர்பாக்ஸும் குற்றமற்றவை. கோளாறு தண்ணீருக்கு அடியில். ப்ரொப்பெலர் ஷாஃப்டின் கூம்பில் கால் அங்குலக் கீ (இரண்டையும் பூட்டும் சிறு உலோகக் கட்டை) ஒன்றோடு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கீ வெட்டுப்பட்டால் ஷாஃப்ட் சுற்றும், ப்ரொப்பெலர் சும்மா இருக்கும். கொட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் கம்பி) போடாமல் விட்டு நட்டு கழன்றிருந்தால் ப்ரொப்பெலரே குளத்துக்குள் போயிருக்கும். படகை மேலே ஏற்றினால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மறுபடி பூட்டும்போது ஒரு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். முதலில் கீ இல்லாமல் ப்ரொப்பெலரைக் கூம்பில் தள்ளி, எந்த இடம் வரை வருகிறது என்று ஷாஃப்டில் கோடு போடுங்கள். பிறகு கீயை வைத்துத் தள்ளுங்கள். அதே கோடு வரை வர வேண்டும். அரை மில்லிமீட்டர் பின்னால் நின்றாலும் ப்ரொப்பெலர் கீயின் முதுகில் ஏறி நிற்கிறது என்று அர்த்தம். சுமை முழுவதையும் கூம்பின் பிடிதான் தாங்க வேண்டும், கீ தாங்கக்கூடாது. ஏறி நின்றால் கீ மறுபடி அறுபடும். கீயை அரத்தால் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்யலாம்.

ஃபிளேஞ்சும் கப்ளிங்கும் சுற்றி, ஷாஃப்ட் மட்டும் நின்றால், கப்ளிங்குக்குள் இருக்கும் கீ அறுந்திருக்கிறது, அல்லது செட் ஸ்குரூ தளர்ந்து ஷாஃப்ட் பின்னுக்கு நழுவியிருக்கிறது. இது ஆபத்தான கோளாறு. பின் கியரில் ப்ரொப்பெலர் ஷாஃப்டை வெளியே இழுக்கும். சுக்கான் தடுத்து நிறுத்தினால் தப்பினோம், முழுதாக வெளியே வந்தால் ஷாஃப்ட் துவாரம் வழியாகத் தண்ணீர் பாய்ந்து வரும். பழைய நேர் ஷாஃப்ட் உள்ள படகில், பாக்கிங் கிளான்டுக்கு (ஷாஃப்ட் துவாரத்தில் தண்ணீர் வராமல் அடைக்கும் பகுதி) முன்னால் ஷாஃப்டில் ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கிவைப்பது மலிவான காப்பு. ஷாஃப்ட் நழுவினாலும் அந்த கிளிப் கிளான்டில் தட்டி நிற்கும். துவாரத்தின் அளவுக்குச் சீவிய ஒரு மர அடைப்பானும் படகில் எப்போதும் இருக்கட்டும்.

எதுவுமே சுற்றவில்லை, அல்லது சோர்ந்து சோர்ந்து சுற்றுகிறது என்றால் கோளாறு கியர்பாக்ஸிலோ அதற்கு முன்னாலோ. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் இங்கேதான் வந்து நிற்பீர்கள். இங்கும் மலிவானதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கேபிள். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய லீவரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த லீவரைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அதற்கு அடியில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு குண்டு இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் அந்தக் குண்டு லீவரின் துளைக்குள் டக்கென்று விழ வேண்டும். கேபிள் நீண்டுபோய், குண்டு துளையின் விளிம்பில் பாதி ஏறி நின்றால், உள்ளே வால்வு முழுதாகத் திறக்காது, அழுத்தம் குறையும், பிளேட்டுகள் நழுவி நழுவி எரியும். ஓட்டுகிறவர் பக்கத்து லீவர் முழுதாகப் போகிறது என்பதால் இங்கேயும் முழுதாகப் போகிறது என்று எண்ணக்கூடாது. நல்ல கியர்பாக்ஸ்களைக் கெடுத்த கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

அடுத்து ஒயில். டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விடுங்கள். இந்த வகை கியர்பாக்ஸில் பெரும்பாலும் போடுவது டெக்ஸ்ரோன் ஏ.டி.எஃப். (ஒட்டோமெட்டிக் கியர்பாக்ஸ் ஒயில்), சிவப்பு நிறம். சிவப்பாகவும் தெளிவாகவும் இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய மணம் அடித்தால் பிளேட் எரிந்திருக்கிறது. பால் ஊற்றிய தேநீர் மாதிரி வெளிறி நுரைத்திருந்தால் ஒயில் கூலர் உள்ளே ஓட்டை விழுந்து குளத்துத் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது கூலரை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவது வீண். விரலில் தேய்க்கும்போது வெள்ளித் தூள் மினுங்கினால் உலோகம் தேய்கிறது. அளவைப் பார்ப்பது ஓடிச் சூடான ஒயிலில், என்ஜினை நிறுத்திய உடனேயே. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது பார்த்தால் கூலரிலிருந்து வடிந்த ஒயிலும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும்.

கேபிளும் சரி, ஒயிலும் சரி என்றால் அழுத்தமானி. இதுதான் வழக்கைத் தீர்க்கும் சாட்சி. கியர்பாக்ஸில் அழுத்தம் பார்ப்பதற்கென்றே எட்டில் ஒரு அங்குலப் பைப் மரை கொண்ட ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி 300 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) வரை காட்டும் கேஜ் ஒன்றைப் பூட்டுங்கள். லொறி கராஜ்களில் இந்தக் கேஜ் கிடைக்கும். என்ஜினை ஓடவிட்டு கியர் போட்டால் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்ட வேண்டும். மாடலுக்கு மாடல் சரியான எண் மாறும், கியர்பாக்ஸில் அடித்திருக்கும் தகட்டில் மாடலைப் பார்த்து அதன் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தும் ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் அப்போதுதான் கியர்பாக்ஸின் உட்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். நியூட்ரலில் நல்ல அழுத்தம், முன் கியரில் மட்டும் சட்டென்று விழுகிறது, பின் கியர் ஒழுங்காக இழுக்கிறது என்றால் முன் கிளட்ச்சின் சீல் போயிருக்கிறது. உங்களுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முன் கிளட்ச்சும் பின் கிளட்ச்சும் வேறு வேறு. இரண்டும் ஒரே நாளில் சாவது அரிது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

அழுத்தம் பூச்சியம் என்றால் பம்ப் சுற்றவில்லை, அல்லது சுற்றியும் ஒயிலை இழுக்கவில்லை. உறிஞ்சும் பக்கத்துச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள், நூலும் குப்பையும் அடைத்திருக்கலாம். இதற்கு முன் யாராவது கியர்பாக்ஸைத் திறந்து பூட்டியிருந்தால் பம்பின் முகத்தைப் பாருங்கள். என்ஜின் சுற்றும் திசைக்கு ஏற்ப அதைத் திருப்பிப் பூட்ட வேண்டும், அதற்கு அம்புக்குறி இருக்கிறது. தலைகீழாகப் பூட்டினால் ஒரு சொட்டு அழுத்தமும் வராது. இரண்டும் இல்லை என்றால் மிஞ்சுவது டேம்பர் பிளேட். உங்கள் இரண்டு வாரக் கடகடச் சத்தம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்பது என் கணிப்பு.

டேம்பர் பிளேட் என்பது ஃப்ளைவீலில் போல்ட் போட்டுப் பூட்டிய ஒரு வட்டத் தகடு. நடுவில் பல் வெட்டிய ஹப், அதைச் சுற்றி ஸ்பிரிங்குகள். கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட் அந்த ஹப்புக்குள் நுழைந்து நிற்கும். என்ஜின் ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் வரும் குலுக்கலை அந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங்கில், அதுவும் நியூட்ரலில், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது போலச் சத்தம் வரும். ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 1,000ஐத் தாண்டியதும் சத்தம் மறைந்துவிடும். அதனால்தான் "ஓடும்போது சரியாகிவிடுகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் ஹப்பின் பற்கள் மழுங்கும், அல்லது ஹப்பே தகட்டிலிருந்து பிய்ந்துவிடும். அன்றைக்கு என்ஜின் தனியாக இரையும், கியர்பாக்ஸ் தூங்கும், பம்பும் தூங்கும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மாற்றுவதற்குப் பெரும்பாலான படகுகளில் என்ஜினைத் தூக்க வேண்டியதில்லை. படகை ட்ரெய்லரில் ஏற்றி, கப்ளிங்கின் போல்டுகளைக் கழற்றி, ஷாஃப்டைப் பின்னுக்குத் தள்ளினால் கியர்பாக்ஸ் வெளியே வர இடம் கிடைக்கும். ஆனால் கவனம்: என்ஜினின் பின்பக்கக் கால்கள் இந்தப் படகுகளில் கியர்பாக்ஸோடு சேர்த்துத்தான் பூட்டியிருக்கும். கியர்பாக்ஸைக் கழற்றுமுன் பெல் ஹவுசிங்கின் (ஃப்ளைவீலை மூடியிருக்கும் கூடு) அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் பின்னுக்குச் சரியும். கியர்பாக்ஸ் ஏறக்குறைய 45 கிலோ. இரண்டு பேர் வேண்டும்.

பூட்டும்போது அந்த 45 கிலோவும் ஹப்பில் தொங்க விடாதீர்கள். புதுத் தகடு அப்படியே வளைந்துவிடும். தலை வெட்டிய இரண்டு நீளப் போல்டுகளை மேல் துளைகளில் வழிகாட்டியாக மாட்டி, அவற்றின் மேல் கியர்பாக்ஸை நேராக நகர்த்துங்கள். பல்லோடு பல் சேரவில்லை என்றால் போல்டை இறுக்கி இழுக்கக்கூடாது. பின் ஃபிளேஞ்சைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளினால் தானாக உட்காரும். உள்வரும் ஷாஃப்டின் பற்களையும் நகத்தால் தடவிப் பாருங்கள், விளிம்பு கத்திமுனை போல் கூர்ந்திருந்தால் புதுத் தகட்டையும் அது தின்றுவிடும்.

தகடு வாங்குவது பற்றி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் எதுவும் கிடைக்கலாம், ஆனால் லொறி கிளட்ச் தகட்டை வெட்டிப் பொருத்தும் யோசனைக்குச் சம்மதிக்காதீர்கள். அதன் ஸ்பிரிங்குகள் இந்தச் சுமைக்குச் செய்தவையல்ல. பழைய ஸ்பிரிங்குகளை வெல்டிங் பண்ணி அசையாமல் ஆக்குவது அதைவிட மோசம், அடுத்து உடைவது கியர்பாக்ஸின் உள் ஷாஃப்டாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதானால் மூன்று விஷயம் எழுதி அனுப்புங்கள்: உள் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை (வெல்வெட் ட்ரைவில் 26 பல் மிகவும் சாதாரணம், ஆனாலும் எண்ணிப் பாருங்கள்), ஃப்ளைவீலில் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், என்ஜின் சுற்றும் திசை.

எல்லாம் பூட்டிய பிறகு கப்ளிங்கை நேர்ப்படுத்துவது ஒரு தனி வேலை. அதில் அவசரம் கூடாது. ட்ரெய்லரில் படகின் அடி கொஞ்சம் வளையும், ஆகவே தண்ணீரில் இறக்கி ஒரு நாள் மிதக்கவிட்டுப் பிறகு பாருங்கள். இரண்டு ஃபிளேஞ்சுகளையும் கையால் சேர்த்துப் பிடித்து, மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழையுங்கள். நான்கு அங்குல ஃபிளேஞ்சில் இடைவெளிகளுக்கிடையே வித்தியாசம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது 0.08 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. கூடினால் என்ஜின் கால்களின் நட்டுகளைத் திருப்பி ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். போல்டுகளை இறுக்கி இழுத்து இடைவெளியை மூடுவது நேர்ப்படுத்துவது ஆகாது. தலையில் வலுவைக் காட்டும் கோடு எதுவும் இல்லாத சாதாரண போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது. குறைந்தது மூன்று கோடு இருக்க வேண்டும்.

இனி, ஏன் போனது என்பதைப் பார்க்காமல் விட்டால் அடுத்த வருடமும் இதே வேலைதான். மலைநாட்டில் இதற்கு நம் இடத்துக்கே உரிய இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று உயரம். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், நுவரெலியா கிரகரி வாவி 1,800 மீட்டருக்கும் மேல். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இந்த வகை என்ஜின் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கிறது. காசல்ரீயில் பத்தில் ஒரு பங்கு, கிரகரி வாவியில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. காற்று மெலிந்திருப்பதால் கடற்கரை அளவுக்குச் சரிசெய்த கார்பரேட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், ஐட்லிங் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம்தான் டேம்பர் ஸ்பிரிங்குகளை நாள் முழுக்க அடிக்கும் சுத்தியல். கார்பரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டு, கியர் விழுந்த நிலையில் ஐட்லிங்கை 650 முதல் 750க்குள் நிறுத்துங்கள். ப்ரொப்பெலரின் பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) கடலுக்குச் சரியானது இங்கே கூடுதல். ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் குறைத்தால் என்ஜின் மூச்சுவிடும்.

இதே காரணத்தால்தான் சக்தி இல்லாத படகை "கிளட்ச் நழுவுகிறது" என்று தவறாகச் சொல்லிவிடுகிறார்கள். வித்தியாசம் எளிது. த்ரொட்டில் முழுக்கக் கொடுத்தும் ஆர்.பி.எம். ஏறவில்லை என்றால் அது என்ஜினின் பலவீனம். ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது நழுவல். எண்ணால் பார்க்க வேண்டுமானால், கியர் விகிதம் ஒன்றுக்கு ஒன்று உள்ள படகில் ஆர்.பி.எம்.மை பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, அதை 0.001524ஆல் பெருக்குங்கள். 13 அங்குல பிட்ச், 3,400 சுற்று என்றால் மணிக்கு 67 கிலோமீட்டர் வரும். தண்ணீரில் ப்ரொப்பெலர் இயல்பாகவே கொஞ்சம் வழுக்கும், ஆகவே தொலைபேசியின் ஜி.பி.எஸ்.ஸில் 57, 58 காட்டினால் எல்லாம் நன்றாக இருக்கிறது. 40 காட்டினால் எங்கோ நழுவுகிறது, அல்லது ப்ரொப்பெலர் வளைந்திருக்கிறது.

இரண்டாவது, தண்ணீருக்கு அடியில் கிடப்பவை. காசல்ரீ 1965இலும் மவுசாகலை 1969இலும் அணை கட்டி நிரப்பிய பள்ளத்தாக்குகள். மவுசாகலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது, தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் தலைகாட்டும். வருடத்தின் முதல் மாதங்களில் நீர் இறங்கும்போது, போன மாதம் ஓடிய அதே பாதையில் கல்லும் மரக்குற்றியும் ஒரு முழம் ஆழத்துக்கு வந்துவிடும். ப்ரொப்பெலர் ஒரு குற்றியில் தட்டினால் அந்த அடி ஷாஃப்ட் வழியாக நேரே டேம்பருக்குத்தான் போய்ச் சேரும். இலை நுனி சற்று வளைந்தாலும் அதன் பிறகு ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அதிர்வுதான். தங்கூசி (நைலோன்) வலை இன்னொரு தொல்லை. ப்ரொப்பெலருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் சுற்றி, சூட்டில் உருகி, பிளாஸ்டிக் வளையமாக இறுகி, றப்பர் பெயரிங்கைத் தின்றுவிடும். படகு மேலே இருக்கும்போது ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பெயரிங்கை மாற்றுங்கள்.

வேலை முடிந்து முதல் தடவை ஓட்டும்போது 1,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே மட்டும் கியர் மாற்றுங்கள், முன்னிலிருந்து பின்னுக்குப் போகும்போது நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். பாக்கிங் கிளான்டில் ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு மூன்று நான்கு சொட்டு விழலாம், கை வைத்தால் சுடக்கூடாது. ஒரு மணி நேரம் ஓடியதும் கரைக்கு வந்து, சூட்டோடு கியர்பாக்ஸ் ஒயில் அளவைப் பாருங்கள், கப்ளிங் போல்டுகளை மறுபடி இறுக்குங்கள், ஃபீலர் கேஜை இன்னொரு முறை நுழைத்துப் பாருங்கள். கழற்றுமுன் அழுத்தக் கேஜில் என்ன காட்டியது என்பதை எழுதி வையுங்கள், தம்பி. 100க்கு மேல் காட்டியிருந்தால் நான் டேம்பரைப் பற்றிச் சொன்னது உங்கள் படகுக்குப் பொருந்தாது; முன், பின் இரண்டு கியரிலும் அழுத்தம் எவ்வளவு, ஒயில் என்ன நிறம் என்பதை வைத்து உட்பகுதியைத் தேட வேண்டும்.